தலைக்குக் கவசம், செவிக்குக் காவல்

காவிரி இரு கிளையாகப் பிரிந்து, சிறிது தூரம் சென்று மீண்டும் ஒன்றுகூடுகிறது. அந்த இடைவெளியில் தீவாக நிற்கும் ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். இதனை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், திருச்சிராப்பள்ளியை அடுத்த நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வரிசைப்படுத்திச் சொல்வது பெரியோர் வழக்கம். ஆறும் ஒன்று, அரங்கனும் ஒருவன். கரையில் பேசும் மொழி மட்டுமே வேறு. பிழைப்பை நாடி இப்பக்கம் வந்து குடியேறிய தமிழர்களாகிய நமக்கு இந்த உறவு பெரிய ஆறுதல்.

விடுமுறை வந்துவிட்டால் நம் மனம் ஊர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. முன்னாளில் ரயிலும் பஸ்ஸுமே துணை. இந்நாளில் நம் இளைஞர் பலரும், இளமை கடந்தும் ஆசை கடவாத சிலரும், மோட்டார் சைக்கிளிலேயே புறப்பட்டு விடுகிறார்கள். இங்கிருந்து மைசூர், நஞ்சன்கூடு, சாமராஜநகர். பிறகு ஆசனூர்க் காடு. திம்பத்தின் 27 கொண்டையூசி வளைவுகள். பண்ணாரி, சத்தியமங்கலம், அப்பால் ஈரோடு. இடையில் காப்பிக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து அல்லது ஆறு மணி நேரப் பிரயாணம். பெங்களூரிலும், ஐதராபாத்திலும், மும்பையிலும் வாழும் நேயர்களுக்கு ஊர்களின் பெயர் மாறலாம், பிரயாணம் இதுவே.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுகிறோம். வண்டியின் ஓசை அடங்கிவிட்டது. ஆயினும் காதுக்குள் ஓர் இரைச்சல் அடங்கவில்லை. "வா அப்பா, சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்பது பஞ்சுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்கிறது. மறுநாள் விடியும்போது எல்லாம் சரியாகிவிடுகிறது. சரியாகிவிடுகிறபடியால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த இரைச்சலைப் பற்றியும், அதற்குக் காவலாக ஹெல்மெட்டுக்குள் காதில் அணியத்தக்கவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

நம் நண்பர் ஒருவர் மருந்துப் பிரதிநிதியாக இருந்தவர். மண்டியா, ஹாசன், பெங்களூர் என்று 25 ஆண்டுகள் மோட்டார் சைக்கிளிலேயே சுற்றியவர். ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரு மனக்குறை ஏற்பட்டது. ஊரிலுள்ள பேரன் தொலைபேசியில் முணுமுணுக்கிறான், இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் திருத்தமாகப் பேசத் தெரியவில்லை என்பதே அக்குறை. பேரன் 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் அவருக்கு ஒன்றாகவே கேட்டது. செவிச் சோதனை செய்து பார்த்த பிறகுதான் குறை பேரனுடைய நாவில் இல்லை, தம்முடைய செவியில் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். பேரோசையால் வரும் செவிக்கேடு உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகளையே முதலில் கவர்ந்து செல்லும். உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். சகரம் போன்ற மெல்லிய உரசொலிகள் மங்கிவிடும். ஆகவே பேச்சு கேட்கும், சொல் விளங்காது. நண்பர் கோபித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இதற்கு எஞ்சினைப் பழிப்பது பொதுவழக்கம். மைசூருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பழைய உறவு உண்டு. 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகள் மைசூரில்தான் உற்பத்தியாயின. அவற்றின் ஓசையைத் தெருக்கோடியிலிருந்தே அடையாளம் கண்டு, "அப்பா வந்துவிட்டார்" என்று சொன்ன குழந்தைகள் பலர். ஆனால் நெடுஞ்சாலையில் செவியைத் தாக்குவது பெரும்பாலும் எஞ்சின் அன்று, காற்று. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும், ஹெல்மெட்டின் மேலும் அதன் அடிவிளிம்பிலும் மோதிச் சுழலும் காற்றின் பேரொலி எஞ்சின் ஓசையை விழுங்கிவிடுகிறது. மோவாய்க்குக் கீழே கழுத்தருகில் உள்ள இடைவெளியே அதற்குத் தலைவாயில். வண்டியின் முன்கண்ணாடி உயரம் பொருந்தாமல் இருந்தால், அது காற்றைத் தடுப்பதற்குப் பதிலாக நேரே ஹெல்மெட்டின்மீது திருப்பிவிடுவதும் உண்டு.

"ஹெல்மெட் அணிந்திருக்கிறோமே, அது காதையும் காக்காதா?" என்று நேயர்கள் கேட்கலாம். ஹெல்மெட் பிறந்த காரணம் வேறு. 1935-ல் டி. ஈ. லாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்பவர் அந்த மரணத்தால் மனம் கலங்கி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட் பரவியதற்கு அவ்வாராய்ச்சி ஒரு முக்கிய காரணம். மண்டையோட்டைக் காப்பதற்கென்று தோன்றிய பொருள் அது. காற்றொலியின் கனத்த, தாழ்ந்த சுருதிகளை அது தடுப்பதில்லை. சில வேளைகளில் பெருக்கவும் செய்யும்.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். தொழிற்சாலைகளில் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்குமேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிலையத்தார் கூறும் வரம்பு. இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. டெசிபல் 3 கூடினால், கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைந்துவிடும். 88 டெசிபலுக்கு 4 மணி; 91-க்கு 2 மணி; 94-க்கு 1 மணி; 97-க்கு அரை மணி; 100-க்குக் கால் மணியே. ஹெல்மெட்டுக்குள் காதருகே, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 90 டெசிபலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் 95 முதல் 100 டெசிபலும் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். வண்டியையும் ஹெல்மெட்டையும் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். ஆக, கால் மணிக்குரிய ஒலியை நாம் மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறோம்.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் பயிர்போல் வரிசையாக நின்று ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. வலிய ஒலியில் அவை புயலில் சாய்ந்த பயிர்போல் தளர்கின்றன. ஓய்வு கிடைத்தால் நிமிர்கின்றன. விடிந்தால் சரியாகிவிடும் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆயினும் திரும்பத் திரும்பச் சாய்ந்தால் அவற்றுட் சில மடிந்துபோம். மனிதர்க்கு அவை மறுபடி முளைப்பதில்லை. 1886-ல் தாமஸ் பார் என்னும் மருத்துவர் கிளாஸ்கோ நகரில் கொதிகலன் செய்யும் தொழிலாளரைச் சோதித்து, அவர்களுள் மிகப் பலர் செவிக்கேடு உடையவர் என்று எடுத்துக்காட்டினார். அவர்களுக்குச் சம்மட்டி செய்ததை நமக்குக் காற்று செய்கிறது.

காரணம் விளங்கிவிட்டது, இனிக் காவலைப் பற்றி ஆராய்வோம்.

முதலில் எழும் ஐயம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். காதை அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காதே என்று அஞ்சுகிறோம். கடும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் வெளிச்சம் குறைகிறது. ஆனால் பார்வை தெளிகிறது. அதுபோல, நல்ல காதடைப்பான் காற்றிரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே தாழ்த்துகிறது. இரைச்சலால் திக்குமுக்காடாத செவி, இரண்டையும் பிரித்தறிகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹாரன் முன்போலவே, சில வேளைகளில் முன்னிலும் தெளிவாகவே கேட்கும். ஏற்கெனவே செவி மந்தமானவர்க்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

கடையில் கிடைப்பவை நான்கு வகை. முதலாவது, நுரைப்பஞ்சு போன்ற மெத்தென்ற காதடைப்பான். ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவில் சில சோடிகள் வாங்கிவிடலாம். ஒலியைத் தடுப்பதில் இந்த ஏழை எந்தச் செல்வனுக்கும் இளைத்தவனல்லன். காதுக்குள் முழுவதும் அடங்கிவிடுவதால் ஹெல்மெட் இதன்மேல் படுவதே இல்லை. இரண்டாவது, குடை குடையாக அடுக்கிய சிலிக்கோன் அடைப்பான். கழுவிக் கழுவிப் பல நாள் பயன்படுத்தலாம். இரைச்சலை வடித்துப் பேச்சை ஓரளவு விடும் நுண்துளை வைத்தவையும் இவ்வகையில் உண்டு. மூன்றாவது, இளைஞர் விரும்பும் இயர்பட். அதாவது காதுக்குள் பொருந்தும் நுனியும், அதன் பின்னே ஒலிப்பொறியும் உடையது. நான்காவது, நம் காதின் அச்சைக் களிம்பால் எடுத்து, அந்த அச்சுக்கேற்ப வார்த்துத் தருவது. விலை அதிகம், ஆனால் உடையவரின் காதுக்கென்றே ஆனபடியால் நெடும்பிரயாணத்தில் உறுத்துவதில்லை.

பஞ்சைத் திணித்துக்கொள்வது நம்மவரின் பழைய வழக்கம். சாதாரணப் பஞ்சு குளிரைத் தடுக்கும். ஒலியை மிகச் சிறிதே தடுக்கும். ஜெர்மனியில் 1907-ல் பஞ்சில் மெழுகைச் சேர்த்துக் காதடைப்பான் செய்யத் தொடங்கியது இக்குறையைப் போக்குவதற்கே.

இயர்பட் வாங்குவோர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. முதற்கண், அது காதின் குழிக்குள் அடங்கவேண்டும். அணிந்தபின் உள்ளங்கையைக் காதின்மேல் தட்டையாக வைத்துப் பார்த்தால், கை காது மடலைத் தொடவேண்டுமேயன்றிப் பொறியைத் தொடலாகாது. தொட்டால், ஹெல்மெட்டின் கன்னமெத்தையும் தொடும். முதல் 10 நிமிடம் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் காதின் குருத்தெலும்பு வலிக்கத் தொடங்கும். மூன்றாம் மணியில் வழியில் நிறுத்திப் பிடுங்கி எறியத் தோன்றும். காம்பு தொங்கும் இயர்பட்டுகளுக்கு இன்னொரு தொல்லை: ஹெல்மெட்டை இறக்கும்போதே மெத்தை அந்தக் காம்பைத் தட்டி நுனியை நெகிழ்த்திவிடும். தொட்டால் இயங்கும் வகையோ, மெத்தை தொட்டதையும் நம் விரலென்றே எண்ணிக்கொள்ளும்.

இரண்டாவது, நுனியின் அளவு. சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவுகள் பெட்டியில் இருக்கும். நம்முடைய இரு காதுகளும் ஒரே அளவினவாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. வலக்காதுக்கு ஒன்றும் இடக்காதுக்கு மற்றொன்றும் பொருந்தலாம். சரியாகப் பொருந்திவிட்டால், நம் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் நமக்குக் கேட்கும். வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டாலும் நெகிழலாகாது. நுரை நுனி சிலிக்கோனைவிட இறுகப் பற்றும். ஆனால் விரைவில் தேய்ந்துபோவதால் அவ்வப்போது மாற்றவேண்டும்.

மூன்றாவது, மின்கருவியின் உதவியால் எதிரொலி எழுப்பி இரைச்சலை அடக்கும் வகை. அது தாழ்ந்த, சீரான ஒலியை நன்றாக அடக்குகிறது. ஆனால் அதன் நுண்வாயில் காற்றடித்தால் தானே ஊளையிடும்; மின்கலம் தீர்ந்தால் அந்த உதவி நின்றுவிடும். ஆகையால் நுனியின் பொருத்தமே தலையாயது; மின்சார வித்தை அதற்கடுத்ததே.

பெட்டியின்மேல் 29, 33 என்று தடுப்பளவு அச்சிட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூடக் கணக்கு. நம் கையால் அவசரமாகச் செருகும்போது அதில் பாதி கிடைத்தாலே நல்லது. அந்தப் பாதியையும் எளிதாக எண்ணவேண்டா. 100 டெசிபலில் 15 குறைந்தால் 85. முன் சொன்ன கணக்கின்படி, கால் மணி நேரம் 8 மணி நேரமாக, அதாவது 32 மடங்காக நீண்டுவிடுகிறது! ஈரோடு போய்ச் சேர அது போதும்.

செருகுவதிலும் முறை உண்டு. காதின் வழி நேரான குழாயன்று, சற்றே வளைந்தது. வலக்காதுக்குச் செருகும்போது இடக்கையைத் தலைக்குப் பின்னே கொணர்ந்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டால் வழி நேராகும். நுரை அடைப்பானைத் தூய விரல்களால் திரித்து, விளக்குத் திரிபோல் மெலிதாக்கி உள்ளே விட்டு, அது விரியும்வரை 20 அல்லது 30 விநாடி விரலால் பிடித்திருக்கவேண்டும். பெரும்பாலோர் இந்த அரை நிமிடத்தில் அவசரப்பட்டே, "இதனால் பயனில்லை" என்று எறிந்துவிடுகிறார்கள். பிறகு ஹெல்மெட்டின் வார்களை இருபுறமும் அகல இழுத்தபடி தலையில் இறக்கினால் மெத்தை காதை உரசாது.

காதில் வைத்துப் பார்த்து வாங்கக் கடைக்காரர் இசையமாட்டார். சுகாதாரம் கருதி அது நியாயமே. ஆகவே வாங்கி வந்தபின், பிரயாண நாளுக்கு முன்னதாகவே, அதனை அணிந்து ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு வீட்டில் அரைமணி நேரம் செய்தித்தாள் படித்துப் பாருங்கள். வீட்டார் நகைப்பர், நகைக்கட்டும். உறுத்தல் இருந்தால் அது நடுவழியில் தெரிவதைவிட நாற்காலியில் தெரிவது நல்லதன்றோ?

இங்கே ஓர் எச்சரிக்கை. இயர்பட்டுக்கு இடம் வேண்டுமென்று பெரிய அளவு ஹெல்மெட் வாங்கலாகாது. தளர்ந்த ஹெல்மெட் விபத்தில் கழன்று பறந்துவிடும். தளர்வினால் காற்றிரைச்சலும் மிகும். காதுக்காகத் தலையைப் பணயம் வைப்பது அறிவுடைமையன்று. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத ஹெல்மெட்டை நம் நாட்டில் விற்கக்கூடாது என்பது சட்டம். அந்த முத்திரையும் இறுக்கமான பொருத்தமும் முதலில், மற்றவை பிறகு.

இனி, இசை கேட்பது. நுனி சரியாகப் பொருந்தாத இயர்பட்டில் பாட்டுக் கேட்பவர் என்ன செய்கிறார்? காற்றிரைச்சலை வெல்லுமளவு ஒலியைக் கூட்டுகிறார். காற்று செய்யும் தீங்கின்மேல் அவரே வேறொரு தீங்கை ஏற்றுகிறார். ஒரு காதில் மட்டும் அணிவோர் மற்றக் காதைக் காற்றுக்குப் பலியிடுகிறார்கள். வண்டியோட்டும்போது கைப்பேசியைக் கையாள்வது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் மோட்டார் வாகனச் சட்டப்படி அபாயகரமான ஓட்டத்துள் அடங்கும். காதில் இயர்போன் கண்டால் தண்டம் விதிக்கும் காவலர்களும் பல நகரங்களில் உண்டு. எனவே நம் கருத்து இது: வழிகாட்டும் குரல் தேவையானால், புறப்படுமுன்பே தாழ்ந்த ஒலியில் அமைத்துக்கொள்ளலாம். தேவையில்லையேல் ஒலியற்ற வெறும் காதடைப்பானே சிறந்தது. பாட்டு ஊரில் கேட்கலாம்.

எல்லா இடத்திலும் அடைப்பான் வேண்டுமென்பதும் இல்லை. 2023 ஆகஸ்டு 1 முதல் பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையின் நடுப்பாதையில் இருசக்கர வண்டிக்கு அனுமதியில்லை. பக்கப்பாதையில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையே மெல்லத்தான் செல்லவேண்டும். அங்கும், கடைத்தெருவிலும், காற்றிரைச்சல் குறைவு. திறந்த செவியே நலம். ஆசனூர்க் காட்டை நெருங்கியதும் நாம் வண்டியை நிறுத்தி அடைப்பானைக் கழற்றிவிடுவது வழக்கம். வளைவுக்கு அப்பால் மூங்கில் முறியும் ஓசை கேட்டால், முன்னே யானை நிற்கிறது என்று பொருள். அந்த ஓசையைக் கேட்கும் செவி அங்கே ஹெல்மெட்டைவிடப் பெரிய காவல்.

தூய்மையையும் மறக்கலாகாது. வியர்வையும் மழைக்கால ஈரமும் ஊறிய காது பூஞ்சைக்கு நல்ல விளைநிலம். சிலிக்கோனைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. நுரை அழுக்கேறினால் எறிந்துவிடுக. ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியவேண்டா. காதில் சீழோ, செவிப்பறையில் துளையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதனையும் செருகலாகாது.

மைசூரில் 1965-ல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையம் இருக்கிறது. செவியையும் பேச்சையும் பற்றிய கல்விக்கும் சிகிச்சைக்கும் நாடெங்கும் பெயர் பெற்றது. நம் நண்பர் தாம் சோதனை செய்துகொண்ட பிறகு, வண்டியோட்டும் தம் மகனையும் அழைத்துப்போய்ச் சோதிக்கச் செய்தார். நேயர்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும், அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கும். காதில் இரைச்சல் ஓயாதவர்களும், ஆண்டுக்கணக்கில் வண்டியோட்டியவர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. போன செவியை மருத்துவர் மீட்டுத் தர முடியாது. இருப்பதைக் காக்க வழி சொல்ல முடியும்.

வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு அதன் அருமை இன்னும் மிகுதி. தெருவில் வேற்றுமொழி ஒலிக்கிறது. அதையும் நாம் மதித்துக் கற்கிறோம். தமிழோ நமக்குப் பெரும்பாலும் செவி வழியாகவே வருகிறது: தொலைபேசியில் அம்மாவின் குரலாக, பேரனின் மழலையாக, வானொலியின் பேச்சாக. 'ஆகாசவாணி' என்னும் பெயரே, 1935-ல் மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி தம் இல்லத்தில் தொடங்கிய சிறு ஒலிபரப்பு நிலையத்தோடு பிறந்ததுதான். வானிலிருந்து வாணி பேசலாம். கேட்பதற்கு ஒரு செவி வேண்டுமே!

நண்பர் இப்பொழுதும் ஞாயிறுதோறும் காலையில், அருகிலுள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்திற்கு நம்முடன் வருகிறார். நாரைகளின் கரகரப்பு அவருக்குக் கேட்கிறது. சிறு பறவைகளின் மெல்லிய கீச்சொலி கேட்பதில்லை. "இப்போது பாடுகிறதா?" என்று நம்மைக் கேட்கிறார். "பாடுகிறது" என்கிறோம். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதற்கு முன் அரை நிமிடம் செவிக்கும் ஒதுக்குவோமாக.